நாற்பத்தோராவது லிங்தென்

லாலிகர்க்கா சந்தையில் வெள்ளிக்கிழமைதோறும் பன்றிக்கறி விற்கிற ஹர்க்கமானைத் தெரியாதவர்கள் எங்கள் மலையில் கிடையாது. ஆளும் பெரிசு, சிரிப்பும் பெரிசு. அவன் சிரித்தால் எதிர்க்கடையில் தோங்பா என்கிற தானியக் கள் குடிக்கிறவர்கள் மூங்கில் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்ன விஷயமென்று தெரியாமலே தாங்களும் சிரிப்பார்கள். பன்றி நடந்து வருகிற நடையைப் பார்த்தே அதற்கு எத்தனை மாசம், கொழுப்பு எத்தனை விரல் என்று சொல்லிவிடுவான். தராசு அவன் பக்கமாகச் சாய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெய்வம் யூமா தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற நினைப்பு அவனுக்கு எப்போதும் உண்டு.

அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். குலம்.

அவன் அம்மா ஒரு மழைக்காலத்தில் சிக்கிம் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி, நாலு வயசுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள், பாவம். பிள்ளையின் பேர் ஹர்க்கமான், நாங்கள் லிம்பு ஜனம் என்கிற இரண்டு சேதியை மட்டும் சொன்னாள். மூன்றாவது சேதி சொல்ல மூச்சு இல்லை. ஊர் அவனை வளர்த்தது. திங்கட்கிழமை ஒரு வீட்டில் சோறு, செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் சோறு. குடியுரிமைக் காகிதம் எழுதின குமாஸ்தா எல்லா லிம்புக்கும் எழுதுகிற மாதிரி அவனுக்கும் பேருக்குப் பின்னால் சுப்பா என்று எழுதிவிட்டார். சுப்பா என்பது சட்டைமேல் போடுகிற கோட்டு மாதிரி. குலம்தான் உடம்புத் தோல்.

கறி வெட்டுவதற்குக் குலம் வேண்டாம். ஆடுவதற்கு வேண்டும்.

சந்தை முடிகிற சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஆணும் பெண்ணும் கை கோத்து யாலாங் ஆடுவார்கள். நெல் மிதிக்கிற நடை, மெதுவான நடை. ஆடிக்கொண்டே ஆண் ஒரு பாலாம் பாட்டு எடுப்பான், பெண் அதற்குப் பதில் பாட்டு எடுப்பாள். ஆனால் கையைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணோடு வந்திருக்கிற பெரியவளிடம் போய், கொண்டுபோனதை வைத்து, முறையாகக் கேட்க வேண்டும். அவள் முதலில் கேட்பது, "எந்தக் குலம்?" வேற்றுக் குலமென்றால் மச்சான் முறை, கையைக் கோத்துக்கொள்ளலாம். ஒரே குலமென்றால் அண்ணன் தங்கை. ஆகவே ஆகாது.

ஹர்க்கமானுக்கு இருபது வயசில் நடந்தது இது.

"எந்தக் குலம்ப்பா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா? எங்க குலமாவே இருந்து தொலைச்சா?"

அவ்வளவுதான். எந்த வீட்டுப் பெரியவளும் துணியவில்லை. பாவம் யாருக்கு வேண்டும். அதற்குப் பிறகு அவன் கேட்பதையே விட்டுவிட்டான். மைதானத்தில் பாட்டு ஆரம்பித்தால், கறிப்பலகைக்குப் பின்னால் அவன் கால்கள் மட்டும் ஆடும். மேலே கை எலும்பை வெட்டும், கீழே கால் நெல்லை மிதிக்கும். இருபத்து மூன்று வருஷமாக அப்படி.

பிறகு மன்ரூபா வந்தாள்.

பதினைந்து வருஷம் காத்மாண்டில் கம்பளம் நெய்துவிட்டு, முப்பத்தெட்டு வயசில், கல்யாணம் ஆகாமல், எதிர்ச்சரிவில் உள்ள அண்ணன் வீட்டோடு இருக்கலாமென்று மலைக்குத் திரும்பினவள். அவள் அண்ணன் மலேசியாவில் வேலை பார்த்தான். அண்ணி புல்மதியும் அவளும் சந்தைக்கு வந்து ஹர்க்கமானுக்கு நேர் எதிரே விரிப்புப் போட்டார்கள். அண்ணிக்கு இஞ்சி வியாபாரம். இவளுக்குக் கினெமா. புளிக்க வைத்த சோயாப்பயற்றை இலையில் பொதிந்து விற்பாள். கினெமா வாடை பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஹர்க்கமானுக்கோ அந்த வாடை காற்றில் வந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்து, பன்றிக்கு ஐந்து கால் வெட்டிக் கொடுத்துவிட்டான் என்று சந்தையில் பேச்சு.

"கறிக்காரரே, வாராவாரம் பத்துப் பொட்டலம் கினெமா வாங்குறீங்களே, வீட்ல யாரு திங்கிறா?" என்று மன்ரூபா ஒரு நாள் கேட்டாள்.

"நான்தான்."

"பத்துமா?"

"பசிக்குது."

அவள் குலம் என்னவென்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாளே. பை இல்லாமல் சந்தைக்குப் போய் விலை கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டான்.

ராஜா போய், சண்டையும் ஓய்ந்து, நாட்டுக்குப் புதுச் சட்டம் எழுதப் போகிறார்கள் என்று ரேடியோ சொன்ன காலம் அது. எங்கள் மலையில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு, லிம்புவான். அருண் ஆற்றுக்குக் கிழக்கே மேச்சி ஆறு வரைக்கும் எங்கள் முன்னோர் உழுத மண். நாட்டை விட்டுப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய வீட்டுக்குள் எங்கள் அறையை நாங்களே பெருக்கிக்கொள்கிறோம், எங்கள் அடுப்பை நாங்களே மூட்டிக்கொள்கிறோம், எங்கள் பிள்ளைகள் எங்கள் பேச்சில் படிக்கட்டும் என்றுதான் கேட்டோம். பள்ளிக்கூடச் சுவரில் வரைபடம் எழுதினார்கள். எழுதினவன் எங்கள் ஊர்க்காரன் என்பதால் லாலிகர்க்காவுக்கு வைத்த புள்ளி தட்டு அளவு இருந்தது. டீக்கடை உபாத்யாய ஐயர் வந்து பார்த்துவிட்டு, "அப்ப எங்க ஜனம் எங்க போறது?" என்று கேட்டார். "நீங்க எங்க போறது? லிம்புவானுக்கு யாரு டீ போடுவா?" என்றார்கள். அவரும் சிரித்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே தன் கடைக்கு ஒரு சின்னப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். லிம்புவான் இன்னும் வரவில்லை. வர வேண்டிய நேரத்தைத் தெய்வம்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வருஷம் அது நாளைக் காலையில் முதல் ஜீப்பில் வந்து இறங்கிவிடும்போலத்தான் எல்லாரும் நடந்தோம். கிழிந்த சட்டைக்காரன்கூட நிமிர்ந்து நடந்தான்.

லிம்புவான் கட்சியின் ஊர்ச் செயலாளர் யேஹாங் மாஸ்டர் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உறுப்பினர் சேர்த்தார். பேர், ஊர், குலம், மூன்றும் எழுதினால் பிளாஸ்டிக் ஒட்டின அட்டை. வரிசையில் ஹர்க்கமான் முறை வந்தது.

"பேர் ஹர்க்கமான். ஊர் லாலிகர்க்கா. குலம்?"

"அத விட்டுருங்க மாஸ்டர்."

"அதெப்படி விடறது? இத்தன நாளா எல்லாரையும் சுப்பான்னு ஒரே சாக்குல போட்டுக் கட்டி வச்சிருந்தானுங்க. இப்பத்தான் அவுத்து அவங்கவங்க பேர எழுதறோம். லிம்புவான்ல ஒருத்தன் பேரில்லாம இருக்கக் கூடாது."

பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். "சீக்கிரம்யா, பேறு காலத்துக்கு வந்திருக்கியா?" என்று ஒரு குரல். தன் அட்டையை முன்பே வாங்கிவிட்டு ஹர்க்கமானுக்குத் துணையாக நின்றவன் அவன் சிநேகிதன் தில்பிக்ரம் லிங்தென், வெள்ளிக்கிழமைச் சோற்றை அவனோடு பங்கு போட்டு வளர்ந்தவன்.

"எங்க குலத்த எழுதிக்கடா," என்றான் தில்பிக்ரம். "லிங்தென்னு போடு. பானையில சோறா குறைஞ்சிடப் போகுது?"

மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். மாஸ்டர் தேகிம் குலம். ஐந்து வாரம் கழித்து லிம்புவான் நாள் ஊர்வலம். எந்தக் குலத்தில் உறுப்பினர் அதிகமோ அந்தக் குலம்தான் கே என்கிற பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் போகும் என்று பேச்சு. அந்த இரண்டு குலத்திலும் எல்லாரும் முன்பே எழுதி முடித்தாயிற்று, தேகிம் நாற்பது பேர். லிங்தென்னும் நாற்பது. பேனா நின்றது. ஆனால் மாஸ்டர் நேர்மையானவர். பெருமூச்சு விட்டு எழுதிவிட்டார். ஹர்க்கமான் நாற்பத்தோராவது லிங்தென் ஆனான்.

அந்த அட்டையை அவன் கையில் வாங்கினதைப் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பன்றிகளுக்கெல்லாம் காட்டினான். சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, ஒரு புட்டி சாராயமும் நல்ல விலாக்கறியும் இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமையே புல்மதி முன்னால் போய் நின்றான்.

"சேவாரோ அண்ணி," என்று கும்பிட்டான்.

"சேவாரோ. என்ன கறிக்காரரே, சட்டையெல்லாம் பளபளங்குது. பன்னி பயந்துக்கப் போகுது."

அவன் புட்டியையும் கறியையும் அவள் முன்னால் வைத்தான். புல்மதிக்கு விளங்கிவிட்டது. மன்ரூபாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் குனிந்துகொண்டு, கட்டின பொட்டலத்தையே மறுபடி மறுபடி கட்டினாள்.

"ஆடலாமான்னு கேக்க வந்தேன்," என்றான்.

"கேட்டது சந்தோஷம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. எந்தக் குலம்?"

நாற்பத்து மூன்று வயசில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். "லிங்தென்," என்றான். சந்தைக்கே கேட்டது.

புல்மதி அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மன்ரூபாவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு லிங்தென். இவ அவரு கூடப் பொறந்தவ. அப்ப நீங்க எனக்குக் கொழுந்தன், இவளுக்கு அண்ணன்."

மன்ரூபா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் விரிப்பிலேயே சாய்ந்து சிரித்தாள். கினெமாப் பொட்டலங்கள் நாலு பக்கமும் உருண்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க அண்ணா? உக்காருங்க. தங்கச்சி கையால ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்றாள்.

அவன் போன பிறகுதான் அந்தக் கண்ணீர் சிரித்ததால் மட்டும் வரவில்லை என்று புல்மதி கவனித்தாள்.

ஹர்க்கமான் நேரே தில்பிக்ரம் வீட்டுக்குப் போனான். தில்பிக்ரம் கே மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையால் ஒரு பக்கமும் குச்சியால் மறுபக்கமும் அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். புதுத் தலைப்பாகைகூட வாங்கிவிட்டான். அவன் பெண்டாட்டி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சோளம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ லிங்தென்னு ஏன்டா சொல்லல?"

"யாரு?"

"மன்ரூபாடா."

"நீ ஃபாரத்துக்குக் குலம் கேட்ட. பொண்ணுக்குன்னு கேட்டியா? பொண்ணுக்குன்னு சொல்லியிருந்தா வேற குலம் சொல்லியிருப்பேனே. கடைத்தெரு பூரா குலம் கெடக்கு."

"அப்ப இத எடுத்துடு."

தில்பிக்ரமின் குச்சி நின்றது. "எடுக்கறதா? டேய், நீ போனா நாங்க மறுபடி நாப்பது. தேகிமும் நாப்பது. அப்புறம் சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. எனக்குச் சீட்டுல என்னைக்குடா அதிர்ஷ்டம் இருந்திருக்கு?" என்று பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பஞ்சை எடுத்துவிட்டு, "என்னமோ சொன்னீங்களே," என்றாள். "ஒண்ணுமில்ல," என்று அவன் மறுபடி அடிக்க ஆரம்பித்தான்.

மூன்று வாரம் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சந்தை முழுக்க அவனை "மன்ரூபா அண்ணே" என்றுதான் கூப்பிட்டது. "அண்ணே, தங்கச்சிக்கு மாப்ள பாக்கலியா? அண்ணன் நீங்கதான பாக்கணும்," என்று கேட்டுவிட்டு அரைக் கிலோ வாங்கிப் போவார்கள். மன்ரூபாவும் விடவில்லை. "அண்ணனுக்குக் காசு வேணாம்," என்று பொட்டலத்தைச் சும்மா தருவாள். ஒரு நாள் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, மெதுவாகச் சொன்னாள்.

"நாப்பது வருஷம் குலமில்லாம இருந்தீங்க. இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கக் கூடாதா?"

அதைக் கேட்ட பிறகு அவனுக்கு ராத்திரி தூக்கமும் இல்லை, பகலில் தரையும் இல்லை. மிதந்துகொண்டே யேஹாங் மாஸ்டரிடம் போனான். லிங்தென்னிலிருந்து விலக வேண்டும் என்று அவன் சொன்னதும் மாஸ்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதைத் துடைத்துவிட்டு, "பேர நானா அடிக்க முடியாது. எழுத்துல இருக்கு. பெதங்மாவக் கேப்போம்," என்றார்.

பெதங்மா என்றால் எங்கள் பூசாரி. எங்கள் ஊர் பெதங்மா இந்திரஹாங் முப்பது வயசுக்காரர், மோட்டார் சைக்கிளில் வருவார், இறங்கும்போதே வாயில் மந்திரம் இருக்கும். விஷயத்தைக் கேட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அட்டையத் தெய்வம் படிக்காது," என்றார். "லிங்தென் முன்னோரு பேர நான் எத்தனையோ தடவ சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். அதுல ஹர்க்கமானுக்கு வழியே கெடையாது. அவங்களுக்கு இவர யாருன்னே தெரியாது. இவரு அவங்க வரிசையில நின்னாரு, அவ்வளவுதான்."

"அப்ப நான் யாருங்க?"

"வழி தெரியாதவன வீட்டுக்குள்ள சேத்துக்கிற சடங்கு நமக்கு இருக்கு. ஆதியிலயே உண்டு. ஒரு குலத்துல ஒரு வீடு உங்களப் புள்ளையா எடுத்துக்கணும். நடுத்தூண் முன்னால உக்கார வச்சு நான் முன்னோருக்குச் சொல்லணும். ஆனா ஒண்ணு. லிங்தென் ஆளுங்க வாயால, போயிட்டு வான்னு சொல்லணும். மனத்தாங்கலோட போனா சடங்கு ஒட்டாது."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "புள்ளையா எடுத்துக்க எங்க தேகிம் வீட்ல ஆள் இருக்கு. எங்க பெரியம்மா சஞ்சமாயாவுக்குப் புள்ள இல்ல." பிறகு, கேட்காமலே, "மேளத்துக்காக இல்ல," என்றும் சொன்னார்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்துக்குக் கீழே லிங்தென் ஜனம் கூடியது. ஹர்க்கமான் சடங்குக்கென்று வாங்கின பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அவன் அழகாகப் பேசத் தெரிந்தவன் இல்லை. "என்ன விட்டுருங்க," என்று மட்டும் சொன்னான்.

தில்பிக்ரம் தலைப்பாகையோடு எழுந்தான். "இவன் என் கூடப் பொறக்காத பொறப்பு. இவனத் தேகிம் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சியோட மேளத்துக்குப் பின்னால நடக்கறது? விட முடியாது." நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

"நான் பேசலாமா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மன்ரூபா. அவளும் லிங்தென்தானே, கூட்டத்தில் அவளுக்கும் இடம் உண்டு.

"பேசும்மா."

"மேளம் எத்தன நாளு முன்னால போகும்?"

"ஒரு நாளு," என்றான் தில்பிக்ரம்.

"சரி. நம்ம குலத்துப் பொண்ணக் கட்டிக்கிறவன் பொண்ணு வீட்டுக்கு என்ன கொண்டாரணும்?"

"பன்னி," என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"கல்யாணத்துக்கு மட்டுமா?"

"பண்டிகைக்கும் கறியோடதான் வரணும்."

"அப்ப நல்லா யோசிங்க. இவரு உங்க பங்காளியா இருந்தா, இவருக்குச் சோறு போட வேண்டியது நீங்க. மாப்ளையா வந்தா, வருஷா வருஷம் கறி போட வேண்டியது அவரு. சந்தையில ஒரே ஒரு கறிக்காரரு. அவரப் போய் வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சு ஒரு நாள் மேளம் அடிக்கப் போறீங்களா?"

 கூட்டத்துக்கே வாயில் எச்சில் ஊறியது.

ஒரு கிழவர் கேட்டார், "எல்லாம் சரிம்மா. எந்தப் பொண்ணு இவனக் கட்டிக்கப் போகுது?"

"நான்தான்."

ஹர்க்கமானுக்கு இது புதுச் சேதி. அவன் கேட்க வந்தது ஒரு ஆட்டம். கையிலிருந்து கயிறு நழுவினது அவனுக்கே தெரியவில்லை. பன்றிக்குத் தெரிந்தது. அது கூட்டத்துக்கு நடுவே பாய்ந்து, கிழவரின் குடையைத் தட்டிவிட்டு, தில்பிக்ரமின் கால்களுக்கு நடுவில் புகுந்து அவனைக் கொஞ்ச தூரம் சுமந்து போய், மைதானத்தில் இறக்கிவிட்டு ஓடியது. மற்ற லிங்தென் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். பன்றியின் நடையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று மன்ரூபாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உன்னக் கேக்கவே இல்லியே," என்றான்.

"எப்படிக் கேப்பீங்க? அண்ணனாயிட்டீங்களே."

பன்றியைப் பிடித்து வந்தவர்கள் மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். தில்பிக்ரமின் தலைப்பாகை சேற்றில் ஒரு முறை புரண்டு வந்திருந்தது. அவன் அதை உதறிக்கொண்டே சிநேகிதன் பக்கம் திரும்பினான்.

"பண்டிகைக்கு வர்ற கறியில தொடையா, விலாவா?" என்று கேட்டான்.

"நீ கேக்கறது," என்றான் ஹர்க்கமான்.

"அப்ப போயிட்டு வா மச்சான்," என்றான் தில்பிக்ரம்.  லிங்தென் ஜனம் மொத்தமும் அதையே சொன்னது. பெதங்மா மட்டும் விடாமல், "பொண்ணோட அம்மா எந்தக் குலம்? தேகிம்னா அதுவும் ஆகாது, இப்பவே கேட்டுடுவோம்," என்றார். ஆங்புஹாங் என்றாள் மன்ரூபா. மாஸ்டர் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை விடியலில் சடங்கு. சஞ்சமாயா வீட்டு நடுத்தூண் முன்னால் வாழையிலை, இஞ்சி, தண்ணீர்ச் செம்பு. இந்திரஹாங் கண்ணை மூடிக்கொண்டு தேகிம் முன்னோரை ஒவ்வொருவராக, மலை மலையாக, ஆறு ஆறாகக் கூப்பிட்டார். கடைசியில், "இதோ உங்க பிள்ளை ஹர்க்கமான், வழி தவறி இருந்தான், வந்துவிட்டான், பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார். அந்த இடத்தில் காற்றுகூட நின்று கேட்ட மாதிரி இருந்தது. சஞ்சமாயா தன் தோங்பாக் குழலை அவன் வாயில் வைத்தாள். ஒரே பாத்திரத்தில் இருவரும் குடித்தார்கள். எழுபது வயசுக்காரி, அவன் இடுப்பளவுதான் இருப்பாள். அவனை அண்ணாந்து பார்த்து, "இத்தாம் பெரிய புள்ளையப் பெத்திருக்கேன், வலிக்கவே இல்ல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஹர்க்கமான் சிரிக்கவில்லை. அவள் காலடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். "எந்திரிடா, ஊர்வலத்துக்கு நேரமாச்சு," என்று அவள் முதல் தடவையாக ஒரு பிள்ளையைத் திட்டினாள்.

ஊர்வலத்தில் நாற்பத்தொரு தேகிம் முன்னால் போனார்கள். கொடிகள், கோஷங்கள், மேளங்கள். கரகரத்த ஒலிபெருக்கியில் யாரோ லிம்புவானின் பத்துக் கோரிக்கைகளைப் படித்தார். ஆறாவது கோரிக்கையில் மின்சாரம் போய்விட்டது. மீதி நாலையும் ஜனமே சேர்ந்து சொல்லிக்கொண்டார்கள். இரண்டாவதாக வந்த தில்பிக்ரமின் மேளச் சத்தம்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

மூன்று மணிக்கு மைதானத்தில் யாலாங் ஆரம்பித்தது. புல்மதி இந்தத் தடவை புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "தேகிம் வீட்டுச் சரக்கு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி, நாத்தனாரின் கையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

இருபத்து மூன்று வருஷமாகக் கறிப்பலகைக்குப் பின்னால் பழகினதால் அது பலகை அகலத்துக்குத்தான் ஆடத் தெரிந்த கால். இரண்டு அடி வலது, இரண்டு அடி இடது, அதற்கு மேல் போக வழி தெரியவில்லை. வரிசை முழுக்க வட்டமாக நகர, அவன் மட்டும் நின்ற இடத்திலேயே மிதித்தான். வரிசை அறுந்தது.

"இங்க பலகை இல்ல," என்று மன்ரூபா காதோரம் சொன்னாள். "எவ்வளவு தூரம் வேணாலும் போலாம்."

அவள் இழுத்தாள். அவன் போனான். மூன்றாவது அடி, நாலாவது அடி. போகப் போக அவன் கால் பட்ட இடமெல்லாம் மைதானம் கொஞ்சம் பெரிசான மாதிரி இருந்தது. அவள் பாலாம் எடுத்தாள், உன் வீடு எந்த ஆற்றங்கரை, உன் விளக்கு எந்த மலைமேல் என்று. அவனுக்குத் தெரியாத பாட்டு எது. அத்தனை வருஷமும் கேட்டுக் கேட்டு மனசில் அடுக்கி வைத்திருந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். குரல் கரடுமுரடாக இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டே அடுத்த அடி எடுத்தாள்.

மேலே சந்தையில் கறிக்கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பன்றி பலகைமேல் கிடக்கிறது, ஆளைக் காணோம். "ஹர்க்கமான், ரெண்டு கிலோ வேணும்," என்று ஒருத்தர் மேலேயிருந்து கத்தினார். "ஹர்க்கமான், எனக்கு ஈரல்." அவன் காதில் எதுவும் விழவில்லை. விழுந்தாலும் கையை விட்டிருக்க மாட்டான்.

கடைசியில் தில்பிக்ரம் மேளத்தைக் கழட்டி ஓரமாக வைத்துவிட்டு, குக்குரிக் கத்தியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய் நின்றான். அவனுக்கு வெட்டத் தெரியாது. விலா கேட்டவர்களுக்குத் தோள் போனது, ஈரல் கேட்டவருக்கு ஒரு காது போனது. துண்டுகள் கோணல்மாணலாக, சிலது கையளவு, சிலது தலையளவு.

"என்னப்பா இது, கல்லு மாதிரி வெட்டியிருக்க?" என்றாள் ஒருத்தி.

"எங்க வீட்டு மாப்ள ஆடிக்கிட்டிருக்காரு," என்றான் தில்பிக்ரம். "இன்னைக்கு இப்படித்தான். வேணும்னா வாங்கு."

அவள் கீழே மைதானத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய உருவம் சிரிப்பும் பாட்டுமாக வட்டத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவள் பையை விரித்துப் பிடித்தாள்.